தேய்மானம் உலோகத்தின் குணமல்ல

கோவைப் பக்கம் ஒரு பம்பு பட்டறைக்குள் போய், "இந்த புஷ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேயுது?" என்று கேட்டுப் பாருங்கள். "மெட்டீரியல் சாஃப்ட்டுங்க. இன்னும் கொஞ்சம் ஹார்டா போட்டா நிக்கும்" என்பார்கள். அதே கேள்வியை ஒரு பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் கேளுங்கள். "பின்-ஆன்-டிஸ்க்ல போட்டுப் பாத்துரலாம் சார், சாயங்காலத்துக்குள்ள வேர் ரேட் கைல இருக்கும்" என்பார்கள். பட்டறைக்காரர் கடினத்தன்மை எண்ணை நம்புகிறார். கல்லூரிக்காரர் தேய்மான எண்ணை நம்புகிறார். இருவரும் வேறு வேறு பேசுவதுபோல் தோன்றினாலும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: தேய்மானம் உலோகத்துக்குள்ளேயே குடியிருக்கும் குணம், அடர்த்தி, உருகுநிலை போல அதையும் ஓர் எண்ணில் சொல்லிவிடலாம்.

இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். இரண்டு பரப்புகளுக்கு நடுவே, ஒரு குறிப்பிட்ட சுமையில், வேகத்தில், சூட்டில், ஈரத்தில், மசகில் நடக்கும் சம்பவம்தான் தேய்மானம். இவற்றில் எதை மாற்றினாலும் எண் மாறும். சில நேரம் நூறு மடங்கு மாறும். இதை மறந்து உலோகத்தைத் தேர்ந்தெடுப்பவர் பணத்தை இழக்கிறார். சில இடங்களில் உயிரே போயிருக்கிறது.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். கடினமானது தேயாது என்ற எண்ணத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. ஈயத்தையும் எஃகையும் உப்புத்தாளில் தேய்த்தால் ஈயம்தான் முதலில் கரையும். சோவியத் ஆய்வாளர் மிகயீல் க்ருஷ்சோவ் 1950களில் இதை முறையாக அளந்தார். சுத்த உலோகங்களைச் சொரசொரப்பான பரப்பில் தேய்த்தபோது, கடினத்தன்மை ஏற ஏறத் தேய்மானத்தைத் தாங்கும் திறனும் அதே விகிதத்தில் ஏறியது. இந்தப் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள். அதே ஆய்வின் மறுபாதியைச் சொல்பவர்கள் குறைவு. உலோகத்தைச் சூடாக்காமல் அடித்தும் நசுக்கியும் கடினமாக்கினால் கடினத்தன்மை எண் ஏறுகிறது. தாங்கும் திறனோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கினால் தாங்கும் திறன் ஏறுகிறது, ஆனால் சுத்த உலோகங்களில் ஏறிய அளவுக்கு ஏறுவதில்லை. அதாவது, கடினத்தன்மைக்கு மிகவும் சாதகமான உப்புத்தாள் சோதனையிலேயே அந்த எண் முழுக்கதையையும் சொல்லவில்லை.

நம் ஊரில் இதைச் சொல்ல ஆய்வுக்கூடம்கூடத் தேவைப்படவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பழைய கிணற்றின் விளிம்புக் கல்லில், கயிறு உரசி உரசி விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்போம். கயிறு கருங்கல்லைவிடக் கடினமா? ஈரக் கயிற்றில் ஒட்டிய மணலும், நாள் தவறாமல் இறைத்த கைகளும், ஓடிய வருடங்களும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை வெட்டின. கல்லின் கடினத்தன்மையை மட்டும் அளந்தவருக்கு அந்தப் பள்ளம் விளங்கவே விளங்காது.

இனி உலோகத்தின்மேல் உலோகம் சறுக்கும் இடத்துக்கு வருவோம். இங்கே உப்புத்தாள் இல்லை, உழும் மணல் இல்லை. பட்டறையில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான்.

சறுக்குத் தேய்மானத்துக்கு இன்றும் வகுப்பில் எழுதிப்போடும் சமன்பாடு 1953இல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் தந்தது. தேயும் கனஅளவு சுமைக்கும் தூரத்துக்கும் நேர்விகிதம், கடினத்தன்மைக்கு எதிர்விகிதம். "பார்த்தீர்களா, கடினம் கூடினால் தேய்மானம் குறையும்" என்று மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சமன்பாட்டின் தலையில் இன்னோர் எழுத்து உட்கார்ந்திருக்கிறது: தேய்மானக் கெழு. இரண்டு பரப்புகளின் நுண்முகடுகள் மோதிக்கொள்ளும்போது, அத்தனை சந்திப்புகளில் எத்தனை ஒரு துகளைப் பிய்த்துக்கொண்டு போகின்றன என்பதன் அளவு அது. மென்எஃகின்மேல் மென்எஃகு மசகில்லாமல் சறுக்கினால் அந்தக் கெழு ஆயிரத்தில் ஏழு. டங்ஸ்டன் கார்பைடின்மேல் டங்ஸ்டன் கார்பைடு சறுக்கினால் பத்து லட்சத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கடினத்தன்மை வித்தியாசம் சுமார் 7 மடங்கு. கெழுவின் வித்தியாசம் 7,000 மடங்கு. கதையின் பெரும்பகுதி எந்த எழுத்தில் இருக்கிறது என்று இனியும் விளக்க வேண்டுமா?

அதே ஆர்ச்சர்டும் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் 1956இல் வெளியிட்ட அளவீடுகளில் இன்னொரு வரிசை உண்டு. ஒரே சுமை, ஒரே வேகம், மசகு கிடையாது, எதிரில் கருவி எஃகு. அதன்மேல் சறுக்கிய கடினமாக்கிய கருவி எஃகின் கடினத்தன்மை 850. ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கடினத்தன்மை வெறும் 250. "ஹார்டா போடு" என்பவரின் கணக்குப்படி இரண்டாவது மூன்று மடங்குக்கு மேல் தேய்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு: அது முதலாவது தேய்ந்ததில் பாதிகூடத் தேயவில்லை.

பட்டறையிலேயே சான்று வேண்டுமா? 304 ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் அதே 304 நட்டைக் கிரீஸ் இல்லாமல் முறுக்கியவர்களுக்குத் தெரியும். பாதி வழியில் திரெட் கடித்துக்கொள்ளும். முன்னும் போகாது, பின்னும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த எஃகை மூடிக் காக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம் உரசலில் கிழிந்ததும், அடியில் இருக்கும் ஒரே ஜாதி உலோகம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதே போல்ட்டில் அதைவிட மென்மையான வெண்கல நட்டைப் போட்டால் இந்தத் தொல்லை வருவதில்லை. டைட்டானியம் கலவையைப் பாருங்கள். விமானத்துக்குப் பயன்படும் அந்தக் கலவை புஷ் வெண்கலத்தைவிடப் பல மடங்கு கடினம். எடை குறைவு, துருப் பிடிக்காது. சறுக்கும் இடத்தில் மேல்பூச்சு ஏதுமில்லாமல் வைத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிப் பிய்ந்து தன்னையும் கெடுத்து எதிரில் இருப்பதையும் கெடுத்துவிடும்.

மென்மையையே பலமாக்கிய உலோகமும் உண்டு. 1839இல் ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற தாங்கி அமைப்பில் இருந்து பெயர் வாங்கிய பாபிட் உலோகம், வெள்ளீயத்தில் கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் கலந்தது. பேனாக்கத்தியால் கீறலாம். அதைப் பூசிய தாங்கிகளில்தான் மின்நிலையங்களின் பெரும் டர்பைன் தண்டுகள் இன்றும் சுழல்கின்றன. ஓடும்போது தண்டை எண்ணெய்ப் படலம் தூக்கிப் பிடிக்கிறது; உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. கிளம்பும்போதும் நிற்கும்போதும் தொடுகிற சில நொடிகளில் மென்மையான உலோகம் தண்டின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கிறது. எண்ணெயில் வந்த தூசியைத் தனக்குள் புதைத்துக்கொள்கிறது. தேய வேண்டுமென்றால் தான் தேய்ந்து, விலை உயர்ந்த தண்டைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் "ஹார்டா" ஒன்றைப் போட்டால் புஷ் நிற்கும், ஷாஃப்ட் போகும்.

நீராவிக் கப்பல்களின் தொடக்க காலத்தில், கடல்நீருக்குள் சுழலும் உந்துதண்டின் பித்தளைத் தாங்கிகள் மளமளவென்று தேய்ந்துபோயின. 1850களில் ஜான் பென் என்ற பொறியாளர் அங்கே லிக்னம் வைட்டே என்ற மரத்தின் பட்டைகளைப் பொருத்தினார். உலோகம் தோற்ற இடத்தில் மரம் நின்றது. மணல் கலந்த நீரை இறைக்கும் பம்புகளிலும், கப்பல் தண்டுகளிலும் இன்று ரப்பர் புஷ் போடுவதும் அதே வழியில் வந்த அறிவுதான். ரப்பர் மணலுக்கு இடம்கொடுத்து விலகுகிறது; மணல் உருண்டு பள்ளத்துக்குள் போய் நீரோடு வெளியேறுகிறது.

"சரி, கடினத்தன்மை போதாது. அதனால்தானே நாங்கள் நேரடியாகத் தேய்மானத்தையே அளக்கிறோம்" என்று கல்லூரிக்காரர் சொல்லலாம். அவருடைய சோதனைக்கூடத்துக்கே போவோம்.

பின்-ஆன்-டிஸ்க் இயந்திரம் எளிமையானது. ஒரு வட்டத் தகடு சுழலும். அதன்மேல் ஒரு சிறு உலோகக் குச்சி, அதாவது பின், சுமையோடு அழுத்தி நிற்கும். ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் பின்னை அசிட்டோனில் கழுவி, காயவைத்து, துல்லியத் தராசில் எடை பார்ப்பார்கள். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுப் பின் ஒரு மில்லிகிராம் இழந்தால் அதன் உயரம் எவ்வளவு குறைந்திருக்கும்? சுமார் இரண்டரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. விரல் ரேகையின் எண்ணெயும், கழுவியும் போகாத துகளும் அந்த எண்ணை அசைக்கும். இப்படிப்பட்ட எண்ணை ஒரே ஓட்டத்தில் எடுத்து, மூன்று தசமப் புள்ளியோடு அட்டவணையில் போடுவது அளவையியலுக்கே அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று வாடிக்கையாக நடக்கிறது. அலுமினியத்தில் சிலிக்கான் கார்பைடு துகளைக் கலந்து, இஎன்-31 எஃகுத் தகட்டின்மேல் ஓட்டி, "துகள் சேர்க்கச் சேர்க்கத் தேய்மானம் குறைந்தது, ஆகவே இது பிரேக் டிஸ்க்குக்கு உகந்தது" என்று முடிக்கும் ஆய்வேடுகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அவற்றில் பின்னின் எடை இருக்கும். தகட்டின் எடை இருக்காது. சிலிக்கான் கார்பைடு எஃகைவிடப் பல மடங்கு கடினம். அது எதிரில் இருக்கும் தகட்டை உழும். உழுத இரும்பு பின்னின் முகத்தில் அப்பிக்கொண்டு, அதன் எடை இழப்பையே மறைக்கவும் செய்யும். ஜோடியில் ஒருவரை மட்டும் எடைபோட்டுவிட்டு "தேய்மானம் குறைந்தது" என்று எழுதுவது, பாதிக் கணக்கை மூடிவைத்து லாபம் காட்டுவதற்குச் சமம்.

ஓட்டும் தூரத்தையும் பாருங்கள். வழக்கமாக 1,000 மீட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும் ஒரு பம்பில், புஷ்ஷின் உட்பரப்பு அந்த 1,000 மீட்டரைச் சறுக்கிக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? நாலரை நிமிடம் கூட ஆகாது. விவசாயி மோட்டார் போட்டுவிட்டு முதல் பாத்திக்கு மடை திருப்பும் முன்பே உங்கள் சோதனை முடிந்துவிடுகிறது. புதிய பரப்புகள் ஒன்றுக்கொன்று படிந்துகொள்ளும் தொடக்கத் தேய்மானத்தைத்தான் அதில் பெரும்பாலும் அளந்திருக்கிறீர்கள். பல வருடம் ஓடும் நிலைத்தேய்மானம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சுமையைக் கூட்டிக் கணக்கை விரைவுபடுத்தலாம் என்பவர்களுக்கும் ஒரு தடை இருக்கிறது. 1965இல் வெல்ஷ் என்ற ஆய்வாளர் கார்பன் எஃகுகளை மசகில்லாமல் ஓட்டிக் காட்டினார். சுமை ஏறும்போது தேய்மானம் ஓரிடத்தில் திடீரென்று பல மடங்கு எகிறியது. இன்னும் சுமையைக் கூட்டினால்? மறுபடி மளமளவென்று இறங்கியது. உரசல் சூட்டில் பரப்பே கடினமாகி, ஆக்சைடு போர்த்திக்கொண்டதுதான் காரணம். இந்தக் குன்றின் எந்தப் பக்கம் நின்று அளந்தீர்கள் என்று தெரியாமல் "இரட்டைச் சுமை, பாதி ஆயுள்" என்று நீட்டிக் கணக்குப் போட முடியாது.

எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அறிய விலை உயர்ந்த கருவி வேண்டாம். தட்டில் விழுந்த பொடியை ஒரு வெள்ளைத் தாளில் தட்டி லென்ஸில் பாருங்கள். செம்பழுப்பாக, விரலில் தேய்த்தால் குங்குமம்போல் ஒட்டினால் அது ஆக்சைடு. பரப்பு தன்னைத்தானே போர்த்திக்கொண்டு அமைதியாகத் தேய்கிறது. பளபளவென்று உடைந்த செதில்களாக இருந்தால் உலோகம் உலோகத்தைப் பிய்க்கிறது. இரண்டும் இரண்டு வேறு நோய்கள். தராசு இரண்டுக்கும் மில்லிகிராமை மட்டும்தான் சொல்லும். அந்தப் பொடியைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு எடையை மட்டும் குறித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் வருகிறது. சாட்சியை அனுப்பிவிட்டு வழக்கு நடத்துகிறோம்.

இந்தச் சோதனைக்கு அடித்தளமான ஏ.எஸ்.டி.எம். ஜி-99 தரநிலையே இதை ஒளிக்கவில்லை. உலோக ஜோடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதுதான் சோதனையின் பயன். சோதனையின் நிலைமைகளில் இருந்து மாறுபட்ட இடத்தில் தேய்மானம் என்னவாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அதிலேயே இருக்கிறது. தரநிலையின் எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே மேற்கோள் காட்ட வேண்டும்.

சூழல் எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க்காலம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. தரையில் நன்றாக உழைத்த மின்னாக்கிகளின் கார்பன் பிரஷ்கள், விமானம் உயரே போனதும் பொடிப்பொடியாகக் கரைந்தன. பிரஷ் மாறவில்லை, சுமை மாறவில்லை, வேகம் மாறவில்லை. உயரத்தில் காற்றில் ஈரம் இல்லை, அவ்வளவுதான். பிரஷ்ஷில் இருக்கும் கிராஃபைட் வழுக்குவதற்கு நீராவி வேண்டும் என்பதை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது. சென்னையின் புழுக்கத்தில் எடுத்த எண்ணை ராஜஸ்தானின் வறட்சிக்கு அப்படியே அனுப்புவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வழுக்கினால் தேயாது என்று நினைப்பவர்களும் உண்டு. இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் முன்னோடி ஜான் சார்ன்லி, மிகக் குறைந்த உராய்வு என்பதற்காக டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 300 நோயாளிகளுக்குப் பொருத்திய பிறகு, அந்தக் கிண்ணங்கள் சில வருடங்களிலேயே தேய்ந்து துகளாகி மூட்டைக் கெடுத்தன. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். உராய்வு கூடியது, தேய்மானம் பெருமளவு குறைந்தது. பிறகு கோபால்ட்-குரோமியக் கலவையில் பந்தும் கிண்ணமும் வந்தன. இரண்டும் கடினம், நடைபோலி இயந்திரத்தில் வழக்கமான கோணத்தில் வைத்து ஓட்டினால் தேய்மானம் சொற்பம். மனித உடலில் கிண்ணம் கொஞ்சம் செங்குத்தாக அமர்ந்தாலே சுமை விளிம்புக்குப் போகும். தேய்மானம் பல மடங்காகி உலோக அயனிகள் ரத்தத்தில் ஏறும். உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்திய, இந்த வகையைச் சேர்ந்த ஏ.எஸ்.ஆர். மூட்டு 2010இல் திரும்பப் பெறப்பட்டது.

"இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. எங்களுக்கு வயலில் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை" என்ற வாதத்தையும் கேட்கிறேன். வயலில் ஓடிய பாகம்தான் இறுதிச் சாட்சி என்பதை ஏற்கிறேன். ஆனால் பாகம் தேய்ந்து திரும்பி வந்ததும் என்ன செய்கிறோம்? எடைக்குப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறோம். எப்படித் தேய்ந்தது என்று பார்க்காத வயல் சோதனை, எத்தனை நாள் நின்றது என்பதை மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அடுத்த முறையும் குருட்டுத்தனமாகத்தான் தேர்ந்தெடுப்போம்.

அப்படியானால் சோதனையே வீணா? இல்லவே இல்லை. சோதனையைத் தலைகீழாகத் தொடங்குகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. தேய்ந்த பாகத்தில் இருந்து தொடங்குங்கள். அதன் பரப்பை நுண்ணோக்கியில் பாருங்கள்: நேர்கோட்டு உழவா, ஒட்டிப் பிய்ந்த தழும்பா, செதில் பெயர்ந்த குழியா? பிறகு சோதனையின் சுமை, வேகம், நீர் அல்லது எண்ணெய், அசையும் விதம் ஆகியவற்றை, அதே தழும்பு சோதனைப் பின்னிலும் விழும்வரை மாற்றுங்கள். தழும்பு ஒத்துப்போன பிறகு வரும் எண்ணுக்குத்தான் மதிப்பு. இரண்டு பரப்புகளையும் அளந்துகொள்ளுங்கள். குறைந்தது மூன்று முறை ஓட்டி, எண்களின் சிதறலையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சுமையோடு நிற்காமல், தேய்மானம் எகிறும் எல்லை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வடிவமைப்பவருக்கு வேண்டியது அந்த எல்லைதான். இதற்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. நம் கல்லூரிகளில் ஏற்கெனவே நிற்கும் இயந்திரங்களே போதும். பக்கத்துப் பட்டறையின் தேய்ந்த புஷ் மட்டும் அங்கே வந்து சேர வேண்டும்.

இது காசு விஷயம் மட்டுமல்ல என்று தொடக்கத்தில் சொன்னேன். 2000ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261ஆம் எண் விமானம் பசிபிக் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். வால்பகுதியை ஏற்றி இறக்கும் திருகில், எஃகுத் தண்டின்மேல் ஓடும் அலுமினிய வெண்கல நட்டின் திரெட் தேய்ந்து அறுந்துபோயிருந்தது. அதே வகை விமானங்களில் அதே எஃகும் அதே வெண்கலமும்தான் வருடக்கணக்கில் உழைத்தன. இந்த விமானத்தில் தேய்மானம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகமாக நடந்திருந்தது. கிரீஸ் போதுமான அளவு போடாததே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. கிரீஸ் இடும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டியதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. உலோகம் அதேதான், கடினத்தன்மை அதேதான். மாறியது நடுவில் இருந்த மசகு மட்டுமே. தேய்மானம் உலோகத்துக்குள் குடியிருக்கும் குணம் என்றால் அந்த 88 பேரும் இறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பட்டறை நடத்துபவர்களுக்கும், சோதனைக்கூடத்தில் நிற்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "இந்த உலோகத்தின் தேய்மானம் எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் எண்ணைச் சொல்லாதீர்கள். எதன்மேல், எந்தச் சுமையில், எந்த வேகத்தில், எந்த மசகில், எந்தச் சூழலில் என்று திருப்பிக் கேளுங்கள். தேய்ந்த பாகம் வந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு லென்ஸை எடுத்துப் பாருங்கள். பதில் அந்தப் பரப்பில்தான் எழுதியிருக்கிறது.